ஹேண்ட்ஸ்ஃப்ரீயை நோண்டினால் ஏசுகிற வாப்பாமாருக்கு



என்னுடைய வகுப்புப் பொடியன் ஒருவன் நேற்று முகத்தைத் தொங்கப்போட்டுக்கொண்டு இருந்தான். விசாரித்தால், ஹேண்ட்ஸ்ஃப்ரீயின் ரப்பரை மாற்றி, துவாரத்தில் பிளாஸ்டர் ஒட்டிப் பார்த்திருக்கிறான். "உள்ள சாமானையும் உடைக்கிறாய்" என்று வாப்பா பறித்து எறிந்துவிட்டாராம். வாப்பா யார்? தன்னுடைய போட் இஞ்சினைத் தானே கழற்றிப் பூட்டுகிற மனிசன்! இஞ்சினைக் கழற்றினால் தொழில், ஹேண்ட்ஸ்ஃப்ரீயைக் கழற்றினால் குழப்படியா?

அந்தப் பொடியன் செய்தது அலைகள் பாடம்தான். ரப்பர் காதுக்குச் சரியாகப் பொருந்தாவிட்டால் இடைவெளியால் காற்று கசியும். தாழ்ந்த மீடிறன் ஒலிகள்தான் முதலில் போகும். அதைச் சரிக்கட்ட நம் பிள்ளைகள் சத்தத்தைக் கூட்டுகிறார்கள். கிண்ணியாவிலிருந்து திருகோணமலைக்குப் போகிற பஸ்ஸில் இஞ்சின் இரைச்சல், அதற்கு மேல் சாரதியின் பாட்டு. இன்னும் கூட்டுகிறார்கள். பெட்டியோடு வருகிற மூன்று அளவு ரப்பரில் இரண்டை நாம் குப்பையில் போடுகிறோம். மருந்து அதற்குள்தான் இருந்தது.

உலக சுகாதார நிறுவனம் வளர்ந்தவர்களுக்குச் சொல்லும் எல்லை 80 டெசிபல், வாரத்துக்கு 40 மணித்தியாலம். 3 டெசிபல் கூடினால் நேரம் பாதியாகும்: 83க்கு 20 மணி, 86க்கு 10, 89க்கு வெறும் 5. சிறுபிள்ளைகளுக்கு எல்லை இதைவிடக் குறைவு, 75. உட்காதின் மயிர்க்கலங்கள் செத்தால் திரும்ப முளைக்காது. எறிந்த ஹேண்ட்ஸ்ஃப்ரீக்கு வேறொன்று வாங்கலாம். காதுக்கு எந்தக் கடை?

பிளாஸ்டர் விசயமும் விளையாட்டில்லை. ஒலி வெளிவரும் வாயில் பாமசியில் விற்கிற மெல்லிய கடுதாசிப் பிளாஸ்டரையோ ஒரு துளி ஸ்பொஞ்சையோ வைத்தால் கூர்மை அடங்கும். மலிவு ஹேண்ட்ஸ்ஃப்ரீயில் கிராஅத் கேட்டவர்களுக்குத் தெரியும், ஸீனும் ஸாதும் ஊசிபோல் குத்தும். பின்பக்கத் துவாரத்தை மூடினால் பேஸ் மாறும். கூடுமா குறையுமா என்பது செய்த அமைப்பைப் பொறுத்தது, ஒட்டிக் கேட்டுத்தான் பார்க்க வேண்டும். பிடிக்காவிட்டால் உரித்துவிடலாம். ஒரு பக்கம் சத்தம் குறைந்தால் அனேகமாகக் காதழுக்குத்தான். வலையைக் கீழ்நோக்கிப் பிடித்து, காய்ந்த மெல்லிய பிரஷ்ஷால் தட்டுங்கள். ஊசி போட்டுக் குத்தினால் உள்ளே சவ்வு கிழியும். புளூடூத் சாமானைப் பிரிக்கவே வேண்டாம், உள்ளே லிதியம் பற்றரி இருக்கிறது. நன்றாகப் பொருந்தியதைப் போட்டுக்கொண்டு றோட்டில் சைக்கிள் ஓடுகிறவனுக்கு ஏசுங்கள், நானும் சேர்ந்து ஏசுகிறேன்.

"மாஸ்டர் பாட்டுக் கேட்க வழி காட்டுகிறார்" என்று கமெண்டில் வரப்போவதும் தெரியும். நான் சொன்னாலும் சொல்லாவிட்டாலும் கேட்பார்கள். செவிடாகாமல் கேட்கட்டும் என்கிறேன். 1995இல் ஜெரி ஹார்வி என்ற ஒலிப் பொறியியலாளர், வேன் ஹேலன் குழுவின் டிரம்ஸ்காரருக்கு மேடை இரைச்சல் தாங்கவில்லை என்று காதுக்குள் போடுகிற மொனிட்டரைத் தானே செய்து கொடுத்தார். அதிலிருந்து ஒரு கம்பனியே வந்தது. அவர்களுடைய பாட்டு நமக்குத் தேவையில்லை, அந்தக் கை தேவை.

"புதுசு வாங்கித் தாறேன்" என்பதும் பெருமையில்லை. 2022இல் டொலர் 200இலிருந்து 360க்குப் போனபோது பழையதை ஒட்டிப் பாவித்தது நாம்தானே? அதற்குள் மறந்துவிட்டதா?

அந்த வாப்பா இதை வாசித்தால்: என்னிடம் ஒரு ஜோடி ரப்பர் சும்மா கிடக்கிறது. திங்கட்கிழமை மகனிடம் கொடுத்துவிடுகிறேன். எறிந்ததைத் தேடி எடுத்து வையுங்கள்.