சிறகு முளைத்த குதிரை



சென்ற கோடை விடுமுறையில் ஒரு நாள், அஸர் தொழுகைக்குப் பின் நடைபெறும் ஓதல் வகுப்பில், மாணவி ஒருத்தியின் ரிஹாலுக்கு அடியில் ஆங்கில நூலொன்று ஒளிந்திருக்கக் கண்டேன். எடுத்துப் பார்த்தேன். 'ஹாரி பாட்டர்' வரிசையின் முதல் நூல். மூன்றாவது முறையாகப் படிக்கிறாளாம்! மந்திரவாதிகளின் பள்ளிக்கூடத்தைப் பற்றிய கதை என்ற அளவில் மட்டும் நான் அதை அறிந்திருந்தேன். "நாளைக்கு உன் அத்தாவை அழைத்துக்கொண்டு வா" என்று கூறி, நூலை வாங்கி வைத்துக்கொண்டேன். அவள் அழவில்லை, தலையைக் குனிந்துகொண்டாள். அதுதான் வீடு வரும்வரை என்னை உறுத்தியது.

தந்தையார் வந்தால் சுட்டிக்காட்ட வேண்டுமே! இஷாவிற்குப் பின், குறைகளைக் குறித்துக்கொள்ளப் பென்சிலும் கையுமாக அமர்ந்தேன். உண்மையை மறைப்பானேன்? பென்சில் எங்கோ உருண்டு போயிற்று. ஃபஜ்ருடைய பாங்கு ஒலித்தபோது நான் கடைசி அத்தியாயத்தில் இருந்தேன்.

கதைத் தலைவன் ஓர் அனாதைச் சிறுவன். பெரியம்மா வீட்டில், மாடிப்படிக்குக் கீழுள்ள சிறு அறையில் முடங்கிக் கிடக்கிறான். பதினொரு வயது நிறையும் தறுவாயில் அவன் பெயருக்கு ஒரு கடிதம் வருகிறது. பிறந்தது முதல் அவனுக்கென்று வந்த முதல் கடிதம் அது. பெரியப்பா அதைப் பிடுங்கிக்கொள்கிறார். மறுநாளும் வருகிறது, கதவிடுக்கில் வருகிறது, முட்டைக்குள் சுருண்டு வருகிறது, புகைபோக்கி வழியே கொட்டுகிறது. அந்த மனிதரோ ஒன்றைக்கூடச் சிறுவன் கையில் கொடுப்பதாயில்லை. இந்த இடத்தைப் படிக்கையில் எனக்குச் சிரிப்பு வந்தது. அடுத்த கணமே அடங்கிவிட்டது. ஒரு பிள்ளையின் கையிலிருந்து பிடுங்கிய நூலை வைத்துக்கொண்டல்லவா நான் உட்கார்ந்திருந்தேன்!

அதே நூலில் ஒரு கண்ணாடி வருகிறது. தன்முன் நிற்பவரின் முகத்தையன்று, உள்ளத்தின் ஆழ்ந்த ஏக்கத்தைக் காட்டும் கண்ணாடி. அனாதைச் சிறுவன் அதில் மறைந்துபோன தாய் தந்தையரைக் காண்கிறான். இரவுதோறும் சென்று அதன் எதிரே அமர்கிறான். முதிய தலைமையாசிரியர் அவனைக் கடிந்துகொள்ளவில்லை. அதன்முன் அமர்ந்தே வாழ்வைத் தொலைத்தவர்கள் உண்டெனப் பக்குவமாய் எடுத்துரைத்து, கண்ணாடியை வேறிடத்திற்கு அகற்றிவிடுகிறார். வளைகுடாவில் இருக்கும் தந்தையைக் கைப்பேசித் திரையில் மட்டுமே காணும் பிள்ளைகள் என் வகுப்பிலும் இருக்கிறார்கள். அந்தப் பக்கத்தைச் சிறிது நேரம் திருப்பாமலே வைத்திருந்தேன்.

மறுநாள் தந்தையார் வந்தார். "சிஹ்ரைக் கற்றுக்கொடுக்கிற கிதாபாமே ஹஜ்ரத்! எரித்துவிடட்டுமா?" என்றார். முந்திய நாள் கேட்டிருந்தால் நானே தீக்குச்சி எடுத்துக் கொடுத்திருப்பேன்.

சிஹ்ர் அழித்தொழிக்கும் பெரும்பாவங்களுள் ஒன்று என்பதில் எவருக்கும் ஐயமில்லை. அதில் விட்டுக்கொடுப்பதற்கும் ஒன்றுமில்லை. ஆனால் இந்நூலில் வரும் மந்திரச் சொல்லை ஆயிரம் முறை உச்சரித்தாலும் ஒரு நூலிழைகூட அசையாது. இது எட்டாம் வகுப்புப் பிள்ளைக்குத் தெரிகிறது. தெரியாதவர்கள் பெரியவர்களே! பில்லி, ஏவல் என்று நடுங்கி, தகடு எழுதி வாங்க இரகசியமாய்ப் பேருந்து ஏறுகிறவர்கள் நாவல் படித்துக் கெட்டவர்களா என்ன? இப்படிக் கேட்டதும் அவர் சற்றே நெளிந்தார். ஏனென்று நான் விசாரிக்கவில்லை.

அபூதாவூதில் பதிவாகியுள்ள ஒரு நிகழ்ச்சியை அவருக்கு நினைவூட்டினேன். நபி (ஸல்) அவர்கள் போர்ப்பயணம் முடிந்து இல்லம் திரும்பியிருந்த வேளை. காற்றில் திரை விலக, அன்னை ஆயிஷா (ரலி) அவர்களின் விளையாட்டுப் பொம்மைகள் தெரிகின்றன. நடுவே ஒரு குதிரை. அதற்குத் துணியாலான இரண்டு சிறகுகள்! குதிரைக்குச் சிறகா என்று பெருமானார் வினவ, சுலைமான் நபியவர்களுக்குச் சிறகுள்ள குதிரைகள் இருந்தனவே, தாங்கள் கேள்விப்பட்டதில்லையா என்று அன்னையார் திருப்பிக் கேட்கிறார்கள். கடைவாய்ப் பற்கள் தெரியுமளவிற்கு நபியவர்கள் சிரித்தார்கள். குதிரையைப் பிடுங்கவில்லை, சிறகைக் கத்தரிக்கவுமில்லை.

தந்தையார் வெகுநேரம் பேசாதிருந்தார். பிறகு, தம் பாட்டியார் தமீமன்சாரி கிஸ்ஸா சொல்லிக் கேட்டதுண்டு என்றார். எனக்கும் நினைவு வந்தது. ஜின் தூக்கிச் சென்ற கணவர், காணாத நாடுகளெல்லாம் அலைந்து, மனைவிக்கு மறுமணம் நடக்கவிருக்கும் நேரத்தில் வீடு திரும்பும் கதை! விளக்கணைத்த பின்னும் அடுத்தது என்ன என்று நச்சரித்தவர்கள்தாமே நாம்? கீழக்கரை இமாமுல் அரூஸ் மாப்பிள்ளை ஆலிம் அவர்கள் (1816-1898) மார்க்க நூல்களோடு நில்லாமல், தாமிரப்பட்டணத்தின் கதையையும் அரபுத் தமிழில் எழுதினார்கள். சுலைமான் நபி ஜின்களை அடைத்து முத்திரையிட்ட செப்புக் குடங்களைத் தேடிப் பாலைவழி செல்வோர், ஆளரவமற்ற ஒரு மாநகரை அடைவதாக 'ஆயிரத்தொரு இரவுகள்' கூறும் கதையே அது. ஆலிம் ஒருவர் அதை எழுதலாம். ஆலிமிடம் ஓதும் பிள்ளை இதைப் படிக்கலாகாதோ?

அவ்வளவு தூரம் போவானேன்? நம் கருவடிக்குப்பத்துக் குயில்தோப்பையே பாருங்கள். பாரதியார் புதுவையில் வாழ்ந்த 1908 முதல் 1918 வரையிலான காலத்தில், இத்தோப்பைச் சார்ந்தே 'குயில் பாட்டு' பிறந்தது. குயில் மனிதரிடம் காதல் பேசுகிறது. குரங்கும் மாடும் குறுக்கே வருகின்றன. முற்பிறப்புக் கதை விரிகிறது. நம் அகீதாவுக்கு ஒவ்வாத கற்பனைதான். ஆயினும் பள்ளியில் மகிழ்ந்து படித்தோம். எவரும் ஈமான் இழந்ததாய்த் தெரியவில்லை.

ஒன்றைத் திட்டமாய்ச் சொல்லிவிடுகிறேன். திருக்குர்ஆன் கூறும் வரலாறுகள் உண்மை. பல்கீஸ் அரசியாரின் அரியணை கண்ணிமைப்பதற்குள் வந்ததை இந்தக் கதைகளோடு ஒரே தட்டில் வைக்கலாகாது. அதைத் தெளிவாக்குவது என் வேலை. நூலைப் பறிப்பது அதைவிட எளிய வேலை. அதனால்தான் முதலில் அதைச் செய்தேன் போலும்.

இவ்வரிசையில் ஏழு நூல்கள். 1997 தொடங்கி 2007 வரை வெளியாயின. நூலுக்கு ஒரு கல்வியாண்டாகச் சிறுவன் வளர்கிறான். முதல் நூலின் குறும்பு போகப்போகத் துயரமாய்க் கனக்கிறது. அன்று பதினொரு வயதில் தொடங்கியவர்கள், அடுத்ததற்குக் காத்திருந்து காத்திருந்து அவனோடு தாமும் பெரியவர்களானார்கள். எனக்கோ காத்திருப்பு வேறு விதமாய் வாய்த்தது. தந்தையார் மகளுக்கு விதித்த நிபந்தனை, தொழுகை தவறக்கூடாது என்பது. மகள் எனக்கு விதித்தது, ஒன்றை முடித்துத் திருப்பித் தந்தால்தான் அடுத்தது என்பது. தாளை மடிக்கவும் கூடாதாம்.

இப்போது ஐந்தாம் நூலில் இருக்கிறேன். ஏழிலும் பருத்தது இதுவே. பையனும் எதற்கெடுத்தாலும் சீறிக்கொண்டேயிருக்கிறான். கொஞ்சம் இழுவைதான் என்று நேற்று அவளிடம் சொன்னேன். "பொறுமையாகப் படியுங்கள் ஹஜ்ரத்! கடைசியில் அவனுடைய..." என்று தொடங்கினாள். இரு கைகளாலும் காதைப் பொத்திக்கொண்டேன்.