குரூப்புல கேக்கலாமா சார்?

உங்க கிளாஸ் வாட்ஸ்அப் குரூப்பைத் திறந்து பாருங்க. சர்க்குலர், பி.டி.எஃப்., அசைன்மென்ட் தேதி. அட்மின் மட்டும்தான் மெசேஜ் போட முடியும். வெறும் நோட்டீஸ் போர்டு!

தமிழ் மீடியத்துல படிச்ச என் ரூம்மேட், முதல் வருஷம் ஒரே ஒரு தடவை டவுட் கேட்கக் கை தூக்கினான். இங்கிலீஷ் தடுமாறுச்சு. கிளாஸே சிரிச்சது, நானும்தான். அப்புறம் அவன் கை தூக்கவே இல்ல.

ஆனா ராத்திரி பதினொரு மணிக்கு, லாப்லாஸ் டிரான்ஸ்ஃபார்ம் எதுக்குன்னு எனக்குத் தமிழ்ல வாய்ஸ் நோட் அனுப்புவான். அவனுக்குப் பதில் சொல்லப் போய்த்தான் எனக்கே அது புரிஞ்சது.

யூடியூப்ல என்.பி.டி.இ.எல். பாடமெல்லாம் இலவசமா கிடைக்குது. ஆனா எங்க புரியலன்னு வீடியோ நம்மளைக் கேட்காது. சக மாணவன் கேட்பான். அதனால குரூப்போட பூட்டைத் திறக்கச் சொல்லி உங்க சார்கிட்ட கேளுங்க. முதல் டவுட்டை நீங்களே தமிழ்ல போடுங்க.