கேற் பெயின்ட் கேற்றுக்கு மட்டும்தான்

எலுவன்குளத்துக் காத்தில் உப்பு இருக்கு. கேற், சைக்கிள், கூரைத் தகரம் எல்லாம் கறள் பிடிக்கிற இடத்தில் மைக்ரோவேவ் மட்டும் தப்புமா? அக்காமாரும் ராத்தாமாரும் வளைகுடாவில் உழைத்து அனுப்பின பெட்டி அது. உள்ளே ஒரு மூலையில் பெயின்ட் உரிந்ததும் எங்கட ஆட்கள் ஒன்றில் தூக்கி எறிகிறார்கள், இல்லாவிட்டால் மிஞ்சிக் கிடக்கும் கேற் பெயின்டைப் பூசுகிறார்கள். இரண்டும் பிழை என்றுதான் நாங்கள் சொல்கிறோம்.

மைக்ரோவேவின் உட்சுவர் பெரும்பாலும் இரும்புத் தகடு. அலைகளை வெளியே விடாமல் திருப்பிச் சாப்பாட்டுக்குள் அனுப்புவது அதுதான். நீராவி அந்தத் தகட்டைத் தின்னாமல் காப்பது பெயின்டின் வேலை. கறள் ஏறின இடம் சூடாகும், பொறி பறக்கும். அலுமினியப் பொடி கலந்த சில்வர் பெயின்டைப் பூசினால் பொறி இன்னும் கூடும். சாதாரண பெயின்ட் கருகினால் அந்தப் புகை சாப்பாட்டில்தான் படியும்.

ஆனபடியால் மைக்ரோவேவ் உட்புறத்துக்கென்றே விற்கும் பெயின்ட் வேண்டும். முதலில் பிளக்கைக் கழற்றுங்கள். கறளை சாண்ட் பேப்பரால் தேய்த்து, துடைத்து, காய விடுங்கள். ஜன்னலைத் திறந்துவைத்து மெல்லிசாகப் பூசுங்கள். காய்ந்த பிறகு இன்னொரு தரம். டின்னில் போட்டிருக்கிற நேரம் முடிந்து மணமும் போன பிறகு, ஒரு கோப்பைத் தண்ணீர் வைத்து ஒரு நிமிடம் ஓட்டிப் பாருங்கள். பொறி வந்தால் உடனே நிறுத்துங்கள்.

உட்சுவரில் இருக்கும் மைக்காத் தகட்டிலும், கதவு வலையிலும், கதவு பொருந்தும் விளிம்பிலும் பெயின்ட் படக் கூடாது. வெளிமூடியைக் கழற்றவே வேண்டாம். உள்ளே இருக்கும் கெப்பாசிட்டர், பிளக்கைக் கழற்றின பிறகும் ஆளைக் கொல்லும் மின்சாரத்தை வைத்திருக்கலாம். தகட்டில் ஓட்டை விழுந்திருந்தால் அந்தப் பெட்டியை விட்டுவிடுங்கள். அலை கசியும், பெயின்ட் அதை அடைக்காது.

இதையெல்லாம் எங்கட சனம் எங்கே வாசிப்பது? பெட்டியோடு வரும் கையேடு அரபியிலும் ஆங்கிலத்திலும் கிடக்கு. இந்தியாவில் பழுதுபார்க்கும் உரிமைக்கென்று 2022 இல் அரசே இணையத்தளம் தொடங்கியது. ஐரோப்பிய ஒன்றியம் 2024 இல் அதைச் சட்டமாக்கியது. இங்கே தமிழ் 1987 இலிருந்து அரசகரும மொழி, ஆனால் உயிர் போகிற எச்சரிக்கையைத் தமிழில் தேட வேண்டியிருக்கு.

அவ்வளவு பெரிதாக நாங்கள் கேட்கவில்லை. இங்கே மைக்ரோவேவ் விற்கிறவர்கள் அதற்குரிய பெயின்டையும் கடையில் வைக்கட்டும். எச்சரிக்கையைத் தமிழிலும் சிங்களத்திலும் ஒரு பக்கத்தில் அச்சடித்துக் கொடுக்கட்டும். அதுவரைக்கும் கேற் பெயின்ட் டின்னைக் குசினிக்குள் கொண்டுவராதீங்க.