ஏணி ஒண்ணு, படி மூணு!

எங்க ராதாபுரம் பக்கம் பத்தாம் வகுப்பு ரிசல்ட் வந்துவிட்டால் வீட்டுக்கு வீடு ஒரே பேச்சுதான். "பையன் இன்ஜினீயராகணும்." வழி? ப்ளஸ் டூ, அப்புறம் பி.இ. யாராவது வாய் தவறி 'ஐ.டி.ஐ.' என்று சொல்லிவிட்டால் போச்சு! பந்தியில் பச்சை மிளகாயைக் கடித்த மாதிரி முகம் மாறிவிடும்.

எங்க தெரு அண்ணாச்சி ஒருத்தர். மகனுக்குக் கணக்குப் பாடம் சுமார். ஆனால் பம்ப்செட் மோட்டாரைப் பிரித்து, மறுபடி பூட்டி, தண்ணீர் வரவழைத்துவிடுவான். அப்பாவின் திட்டம் வேறு. ப்ளஸ் டூ முடிந்ததும் வயலை விற்று, தனியார் கல்லூரியில் ஸீட் வாங்குவது.

"தம்பி, நீ பி.காம். படிச்சவன். கணக்குச் சொல்லு பாப்போம்" என்றார். பி.காம். படித்ததற்கு எனக்குக் கிடைத்த முதல் கிளையண்ட்!

சொன்னேன். ப்ளஸ் டூ 2 வருஷம், பி.இ. 4 வருஷம். மொத்தம் 6.

பத்தாவது முடித்ததும் பாலிடெக்னிக் போனால் டிப்ளமோ 3 வருஷம். பிறகு பி.இ.யில் நேராக இரண்டாம் ஆண்டு; அது 3 வருஷம். இதுவும் அதே 6!

ஐ.டி.ஐ.யில் ஃபிட்டரோ எலெக்ட்ரீஷியனோ 2 வருஷம். அங்கிருந்து டிப்ளமோ இரண்டாம் ஆண்டு, அது 2. பிறகு பி.இ. 3. மொத்தம் 7. ஒரே ஒரு வருஷம்தான் கூடுதல்.

அண்ணாச்சி விரல் விட்டு எண்ணிப் பார்த்தார். "அதெல்லாம் சரி... ஐ.டி.ஐ.ன்னா எவன் பொண்ணு குடுப்பான்?"

பையனுக்கு வயசு பதினைந்து!

அந்த ஒரு வருஷத்துக்கு வரவு என்ன? ஒவ்வொரு படியிலும் கையில் ஒரு சான்றிதழ். பி.இ. மூன்றாம் வருஷத்தில் அரியர்ஸ் தாங்காமல் நின்றவனிடம் மிச்சம் ப்ளஸ் டூ மார்க் ஷீட் மட்டும். இவனோ பாதியில் நின்றாலும் தொழில் தெரிந்தவன். நமக்கு மேற்கே மகேந்திரகிரியில் இஸ்ரோ ராக்கெட் என்ஜின்களைச் சோதிக்கிறது. அங்கே டெக்னீஷியன் வேலைக்குப் பத்தாவதும் ஐ.டி.ஐ.யும், டெக்னிக்கல் அசிஸ்டென்ட்டுக்கு முதல் வகுப்பு டிப்ளமோ, அதற்கு மேலே பி.இ. தெற்கே கூடங்குளம் அணுமின் நிலையத்தை நடத்தும் நிறுவனமும் ஐ.டி.ஐ., டிப்ளமோ படித்தவர்களை உதவித்தொகை கொடுத்துப் பயிற்சிக்கு எடுக்கிறது.

பற்றுப் பக்கமும் உண்டு, மறைக்கக் கூடாது. முதல் வருஷக் கணிதத்தைத் தாண்டிக் குதித்தவன் இரண்டாம் வருஷம் ஃபூரியர் தொடர் முன்னால் முழிப்பான். ஆகவே பட்டறையில் ஃபைல் பிடிக்கிற நாளிலிருந்தே சாயங்காலம் கணக்கையும் பிடிக்க வேண்டும். இரண்டாம் ஆண்டு சேர்க்கைக்குத் தனி விண்ணப்பம், தனிக் கவுன்சலிங். தேதி தவறினால் ஒரு வருஷம் அம்பேல். 'ஏ.எம்.ஐ.இ. எழுதினா பி.இ.க்குச் சமம்' என்று பழைய ஆட்கள் இன்னமும் சொல்வார்கள். அந்தச் சலுகை 2013 மே 31-க்குள் பதிவு செய்தவர்களோடு சரி.

வயலை விற்க நினைக்கிற அப்பாக்களே, பத்திரத்தை எடுக்கும் முன் பையனை ஒரு ஐ.டி.ஐ. பட்டறைக்குக் கூட்டிப் போய்க் காட்டுங்கள். லேத் சத்தம் கேட்டு அவன் முகம் மலர்கிறதா என்று பாருங்கள். மலர்ந்தால் பத்திரத்தைப் பீரோவிலேயே வைத்துப் பூட்டிவிடலாம்!