நகல் வேறு, போலி வேறு

"இடிந்தது இடிந்ததுதான். அதே அச்சில் திரும்பக் கட்டுவது சினிமா செட்" என்று நம்மில் பலர் அடித்துப் பேசுகிறார்கள். நான் ஒப்புக்கொள்ள மாட்டேன். கடற்கரையில் உள்ள நம் மேரி கட்டடத்தை வைத்து வாதாடினால் ஆளுக்கொரு கட்சியாகிவிடுவோம். ஆகவே முதலில் தூரத்து ஊர்க் கதை ஒன்றைச் சொல்கிறேன்.

கலிபோர்னியாவில் லாஸ் ஏஞ்சலஸுக்கும் சாண்டா பார்பராவுக்கும் நடுவே நியூபரி பார்க் என்ற ஊர். அங்கே 1876-ல் ஜேம்ஸ் ஹாமெல் என்பவர் 'கிராண்ட் யூனியன் ஹோட்டல்' கட்டினார். வடக்கிலிருந்து கப்பலில் வந்த ரெட்வுட் பலகைகளைக் குதிரை வண்டிகளில் மலையேற்றிக் கொண்டுவந்தார்கள். பிரெஞ்சு வகுப்பில் 'திலிழான்ஸ்' என்று படித்தோமே, அந்தக் கோச்சு வண்டிகளில் வந்தவர்கள் தங்கி இளைப்பாறிய இடம் அது. கோச்சு வண்டிகளின் காலம் முடிந்ததும் கட்டடம் பள்ளிக்கூடம், உணவகம், கடை என்று பல வேஷம் போட்டது. 1965-ல் நெடுஞ்சாலையை அகலப்படுத்த வந்தார்கள். உள்ளூர் வரலாற்றுச் சங்கம் கட்டடத்தையே வேறிடத்துக்கு நகர்த்திக் காப்பாற்றியது. ஐந்தே வருஷம்தான். 1970-ல் தீப்பிடித்துச் சாம்பலாயிற்று. ஊர்க்காரர்கள் விடவில்லை. 1976-ல், சரியாக நூறாவது ஆண்டில், அதே உருவில் எழுப்பி அருங்காட்சியகமாக்கினார்கள்.

இன்று அங்கே நிற்பது பழைய மரமில்லை, பழைய இடமுமில்லை. அப்படியானால் பித்தலாட்டமா?

காலமெல்லாம் நகலெடுத்து, மூலத்தோடு ஒத்துப் பார்த்து, அதிகாரியின் கையெழுத்துக்கு வைத்த குமாஸ்தா நான். 'உண்மை நகல்' என்று முத்திரையும் தேதியும் இருந்தால் அந்தக் காகிதம் செல்லும். தேதியை மறைத்து, இதுதான் அசல் என்று நீட்டினால் அதற்குப் பெயர் போலி. நியூபரி பார்க் அருங்காட்சியகம் எரிந்த கதையைத் தானே சொல்கிறது. அதனால் அது நகல். மரியாதைக்குரிய நகல்.

இது நமக்குப் புதிதல்ல. செம்பியன் மாதேவியார் திருக்கோடிக்காவல் கோயிலைக் கற்றளியாக எடுத்துக் கட்டியபோது, பழைய கல்வெட்டுகளைப் படியெடுத்துப் புதுச் சுவரில் வெட்ட வைத்தார். இது பழைய கல்லின் படி என்று அங்கேயே குறிக்கவும் வைத்தார். ஆயிரம் வருஷத்துக்கு முந்தைய 'உண்மை நகல்' முத்திரை அது!

இனி மேரிக்கு வருவோம். 2014-ல் விழுந்தது. 2021-ல் அதே முகத்தோடு திறந்தது. திரும்பக் கட்டியதில் எனக்கு வெட்கமில்லை. வெளியூர்க்காரரிடம் அதைக் காட்டி "பிரெஞ்சுக்காரன் கட்டியது, அப்படியே நிற்கிறது பாருங்கள்" என்று நாம் அளக்கிறோமே, அதில்தான் வெட்கம். கட்டிய ஆண்டு, விழுந்த ஆண்டு, திரும்பக் கட்டிய ஆண்டு மூன்றையும் வருகிறவர்கள் கண்ணில் படும்படி பெரிய எழுத்தில் தமிழிலும் பிரெஞ்சிலும் வையுங்கள். விழுந்த ஆண்டு தினமும் கண்ணை உறுத்தினால்தான், விரிசல் விட்டு நிற்கும் மற்ற பழைய கட்டடங்களின் கோப்பு மேஜையை விட்டு நகரும்.