படத்தை வாங்காதீர்கள், ஒலியை வாங்குங்கள்

இலண்டனில் வசிக்கும் என் தங்கையின் மகள் அண்மையில் ஒரு மின்னஞ்சல் அனுப்பியிருந்தாள். "மாமா, அயர்லாந்திலிருந்து ஒரு மேளம் வாங்கி வந்தீர்களே, அதை எந்தக் கடையில் வாங்கினீர்கள்? நானும் பழகப் போகிறேன்" என்பது அதன் சாரம். அந்தக் கடைக்கு மட்டும் போய்விடாதே என்று உடனே பதில் எழுதினேன். ஏன் என்பதை அவளுக்கு விளக்க முற்பட்டபோதுதான், இது அவளுக்கு மட்டும் உரிய விடயமல்ல என்று தோன்றியது.

பல வருடங்களுக்கு முன்னர் டப்ளின் நகரில் உல்லாசப் பயணிகளுக்கான கடையொன்றில் நான் வாங்கியது ஒரு 'பௌரான்'. அதன் தோலில் பச்சை நிறத்தில் முடிச்சுக் கோலம் ஒன்று அழகாக அச்சிடப்பட்டிருந்தது. அந்தக் கோலத்துக்கே நான் மயங்கினேன். தட்டிப் பார்க்க வேண்டும் என்ற எண்ணம்கூட எழவில்லை. கொழும்பின் ஈரக் காற்றுப் பட்டதும் தோல் தளர்ந்தது. ஆணி அடித்து இறுக்கப்பட்ட தோல் ஆகையால், அதனை மீண்டும் முறுக்கவும் வழியில்லை. இன்று அது என் புத்தக அலுமாரிக்கு மேலே, சுவரில் தொங்குகின்றது. தட்டினால் நனைந்த சாக்கைத் தட்டியது போன்ற சத்தமே வரும்.

பௌரான் என்பது மரச்சட்டத்தின் ஒரு பக்கத்தில் மட்டும் ஆட்டுத்தோல் போர்த்திய மேளம். மறுபக்கம் திறந்திருக்கும். வலது கையில் சிறு கோலொன்றைப் பிடித்து வாசிப்பர். இக்கோலுக்கு 'டிப்பர்' என்று பெயர். எம்மவர்க்கு டிப்பர் என்றதும் மணல் ஏற்றும் வாகனமே நினைவுக்கு வரும். இதுவோ பேனாவிலும் சற்று நீளமான மரத்துண்டு. இடது கை திறந்த பக்கத்தினூடாக உள்ளே சென்று தோலை அழுத்தியும் விட்டும் சுருதியை ஏற்றி இறக்கும். இந்த இடது கைதான் மேளத்தைப் பேச வைப்பது.

தானியம் புடைக்கும் தோல் தட்டே பின்னர் மேளமாயிற்று என்று கருதுவோர் உண்டு. எங்கள் வீட்டுச் சுளகை நினைத்துக்கொண்டால் இது விளங்கும். டிசம்பர் 26 ஆம் திகதி வைக்கோல் வேடமிட்டு வீடு வீடாகச் செல்லும் கிராமத்து இளைஞர்களின் கையில் இருந்த இந்த எளிய மேளத்தை, 1960களில் ஷோன் ஓ ரியடா என்ற இசையமைப்பாளர் தமது குழுவில் சேர்த்து அரங்கேற்றினார். 1962 இல் உருவான 'சீஃப்டன்ஸ்' குழு அதனை உலகெங்கும் கொண்டு சென்றது. வயலில் கிடந்த ஒன்று அரங்கத்துக்கு ஏறிய கதை இது. அப்படி ஏறிய வாத்தியத்தை மீண்டும் ஒரு நினைவுப் பொருளாக்கிச் சுவரில் தொங்கவிடுவது அதற்குச் செய்யும் மரியாதை ஆகாது என்பதே என் கருத்து. என் வீட்டுச் சுவரும் இக்குற்றச்சாட்டுக்கு விலக்கல்ல.

"பழகுபவருக்கு மலிவானதே போதும், தேர்ச்சி பெற்றபின் நல்லதை வாங்கலாம்" என்பர் சிலர். கேட்பதற்கு நியாயமாகத் தோன்றும். ஆனால் மோசமான மேளத்தில் இடது கை எவ்வளவு அழுத்தினாலும் சுருதி அசையாது. கற்பவரோ குற்றம் மேளத்தில் என்று எண்ணமாட்டார். தமக்கு இசை வராது என்று முடிவு செய்து மூன்றே மாதத்தில் விட்டுவிடுவார். மலிவான மேளத்தின் உண்மையான விலை அதுவே. பணம் குறைவெனில், புதிய மோசமானதை விடப் பழைய நல்லதை வாங்குவது புத்திசாலித்தனம்.

அப்படியாயின் எதைப் பார்த்து வாங்குவது? முதலில் தோல். வெளிச்சத்துக்கு எதிரே பிடித்துப் பாருங்கள். ஆட்டின் முதுகெலும்புக் கோடு தெரிந்தால் அது குறையல்ல. ஆனால் ஓரிடத்தில் தடிப்பாகவும் மற்றோரிடத்தில் மெலிதாகவும் திட்டுத் திட்டாக இருத்தல் ஆகாது. வர்ணப்படம் தீட்டிய தோலைத் தவிர்ப்பது நல்லது. விளிம்பைச் சுற்றிக் கறுப்பு நாடா ஒட்டியிருந்தால் கிழிசலை மறைக்கிறார்கள் என்று ஐயுற வேண்டாம். வேண்டாத அதிர்வை அடக்குவதற்கு நல்ல கைவினைஞர்களே செய்யும் உத்தி அது.

அடுத்தது இறுக்கும் வசதி. உட்புறத்தில் திருகாணிகள் இருக்க வேண்டும். மழையில் தோல் தளரும், வெப்பமூட்டிய அறையில் விறைக்கும். குளிர்நாடுகளில் வாழும் எம்மவருக்கு இது மிக அவசியம். திருகாணி இல்லாத பழைய பாணி மேளமும் இனிமையாக ஒலிக்கலாம். ஆனால் அது காலநிலையின் தயவில் வாழும்.

மூன்றாவது அளவு. முன்னர் 18 அங்குல விட்டமும் குறைந்த ஆழமும் கொண்டவையே வழக்கம். இன்று பலரும் விரும்புவது 14 முதல் 16 அங்குல விட்டமும் கூடிய ஆழமும் உள்ளவற்றை. உள்ளே குறுக்குச் சட்டம் இருந்தால் அது உங்கள் கையைத் தடுக்கிறதா என்று பாருங்கள். மேளத்தைச் சமதரையில் வைத்து, சட்டம் கோணியிருக்கிறதா என்றும் கவனியுங்கள்.

இறுதியாக, கண்ணை மூடிக்கொண்டு தட்டுங்கள். ஆழமாக ஒலித்து விரைவில் அடங்க வேண்டும். தகரம் போல் நெடுநேரம் ரீங்கரித்தால் வைத்துவிட்டு வந்துவிடுங்கள்.

நல்ல பௌரானுக்கு 150 யூரோ முதல் 400 யூரோவும் அதற்கு மேலும் கொடுக்க நேரிடலாம். "ஒரு ஆட்டுத்தோலுக்கா இவ்வளவு?" என்று என் தங்கை கேட்டாள். நாம் கொடுப்பது தோலுக்கல்ல. தோலைத் தெரிந்து, பதப்படுத்தி, சட்டத்தை வளைத்துப் பொருத்தும் கைக்கே கொடுக்கிறோம். தொழிற்சாலையில் குவியலாகச் செய்யப்படும் மேளங்களுக்கிடையே அந்தக் கைகள் நிலைத்திருப்பது நாம் கொடுக்கும் விலையிலேயே தங்கியுள்ளது. ஆதலால் இயன்றவரை, செய்பவரிடமே நேரடியாக வாங்குங்கள்.

வாங்கிய பின்னரும் ஒரு கடமை உண்டு. அயர்லாந்தின் மதுக்கடைகளில் கூடி வாசிக்கும் கலைஞர்கள், பழகாத கையுடன் வந்து அமரும் பௌரான்காரரைக் கண்டால் முகம் சுழிப்பர்; அவரைப் பற்றிய கேலிக் கதைகளுக்கும் அங்கே குறைவில்லை. முதலில் மெட்டைக் கேட்க வேண்டும். ஒருவர் ஏற்கெனவே பௌரான் வாசித்துக்கொண்டிருந்தால் காத்திருக்க வேண்டும். தாளம் மெட்டைத் தாங்குவதற்கே, மூடுவதற்கல்ல.

இவை யாவற்றையும் மருமகளுக்கு எழுதி அனுப்பினேன். அவள் அனுப்பிய பதில் ஒரு வரிதான்: "அப்படியானால் சுவரில் உள்ளதை என்ன செய்யப் போகிறீர்கள், மாமா?" அது அங்கேயே தொங்கட்டும். பார்க்கும் போதெல்லாம், கண்ணால் மேளம் வாங்கியவன் நான் என்பதை அது எனக்கு நினைவூட்டும்.