நரைக்குத் தலைவணங்கும் நாடு

"உன் வயசு, என் சர்வீஸ்." அலுவலகத்தில் ஒரு வாதத்தின் வாயை அடைக்க இதைவிடச் சுலபமான வழி கிடையாது. வீட்டுக்குள் இதற்கு இன்னொரு வடிவம் உண்டு: "பெரியவங்க சொன்னா பெருமாள் சொன்ன மாதிரி." வயது ஏறினால் விவேகம் தானாக ஏறும் என்பது நம்மிடம் கேள்விக்கே வராத நம்பிக்கை. அது பொய். அதுவும் முதியவர்களையே கெடுக்கும் பொய்.

சோழ மன்னன் கரிகாலனைப் பற்றி ஒரு கதை. வழக்கோடு வந்த முதியவர்கள் இருவர், அரசன் சிறுவயதினன் என்று தயங்கினார்களாம். அவன் நரைமுடி தரித்து முதியவன் வேடத்தில் வந்து தீர்ப்புச் சொன்னதும் ஏற்றுக்கொண்டார்களாம். சோழனின் அறிவுக்குச் சான்றாக இதைச் சொல்கிறோம். எனக்கோ இது வழக்காடிகளை அம்பலப்படுத்தும் கதை. சொன்னவன் அதே ஆள். அவர்களுக்கு வேண்டியிருந்தது முடியின் நிறம். ஒரே குடியில் மூத்தவரை விட்டுக் கற்றவரையே ஆட்சி நாடும் என்று பாடிய பாண்டியன் நெடுஞ்செழியனைப் பாடநூலில் வைத்துவிட்டு, வாழ்க்கையில் அந்த வழக்காடிகளின் வழியில் போகிறோம்.

பெர்லின் மாக்ஸ் பிளாங்க் நிறுவனத்தில் உளவியலாளர் பால் பால்டெஸும் குழுவினரும் விவேகத்தையே அளக்க முயன்றார்கள். 15 வயதுப் பெண் உடனே கல்யாணம் செய்துகொள்ள வேண்டும் என்கிறாள். எதையெல்லாம் யோசிக்க வேண்டும்? இப்படிச் சிக்கல்களைக் கொடுத்துப் பதில்களை எடைபோட்டார்கள். வளரிளம் பருவத்தில் தேர்ச்சி கூடியது. 25 வயதுக்கும் 75க்கும் இடையில் வயதால் பெரிய வித்தியாசம் ஏதும் தென்படவில்லை.

ஏன் இப்படி? அனுபவம் பாடமாக வேண்டுமானால் தவறு திரும்பி வந்து முகத்தில் அறைய வேண்டும். காற்றைத் தப்பாகக் கணித்த மீனவருக்கு அன்றே வலை காலி. அதனால்தான் கடலில் மூத்தவர் பேச்சுக்கு மதிப்பு. குடும்பத்தில் அப்படியா? பேத்தியின் படிப்பை நிறுத்திய தாத்தாவிடம், அவள் இழந்தது இவ்வளவு என்று யாரும் கணக்கு நீட்டுவதில்லை. பழி அவள் தலையெழுத்தின் மேல் போய்விடும். தாத்தாவின் அனுபவத்தில் ஒரு வருடம் கூடிவிடும்.

அறிவியலாளர்களும் இதற்கு விலக்கல்ல. 1930இல் இங்கிலாந்துக்குக் கப்பலேறிய வானியற்பியலாளர் சந்திரசேகருக்கு 19 வயது. சூரியனைப்போல் சுமார் 1.4 மடங்குக்கு மேல் நிறை இருந்தால் ஒரு விண்மீன், எரிபொருள் தீர்ந்தபின் வெள்ளைக் குள்ளன் என்ற சுருங்கிய வடிவில் நிலைக்க முடியாது என்ற முடிவுக்கு வந்தார். 1935இல் லண்டனில் அதை அவர் விளக்கியதும், 52 வயது வானியலாளர் ஆர்தர் எடிங்டன் எழுந்து கேலி செய்தார். அவை சிரித்தது. சந்திரசேகர் பக்கமே நியாயம் என்று கருதிய பெரிய இயற்பியலாளர்களும் அப்போது வெளிப்படையாக வாய் திறக்கவில்லை. எடிங்டன் மூடர் அல்லர். 1919 கிரகணத்தில் ஐன்ஸ்டைனின் கோட்பாட்டுக்குச் சான்று திரட்டியவர். மறுத்துப் பேச ஆளில்லாத உயரத்தில் இருந்ததே அவருக்கு வினை. சந்திரசேகருக்கு நோபல் பரிசு வந்தது 1983இல்.

இளமையைப் பற்றிப் பெரியவர்கள் தரும் சாட்சியமும் நம்பத்தக்கதன்று. "அப்ப எனக்கு விவரம் பத்தாது" என்பார்கள். அடுத்த மூச்சில் "எங்க காலம் மாதிரி வருமா" என்பார்கள். விவரம் பத்தாதவர்கள் வாழ்ந்த காலம் எப்படிப் பொற்காலமாயிற்று? நினைவில் கசப்பு சீக்கிரம் மங்கும், இனிப்பு தங்கும். அந்த நினைவை வைத்துக்கொண்டு இன்றைய பிள்ளைகளுக்குத் தீர்ப்பு எழுதுவது அநியாயம்.

பெரியவர்களே, உங்கள் முடிவு தவறு என்று வீட்டில் கடைசியாக யார் சொன்னார்கள்? ஒருவரும் நினைவுக்கு வராவிட்டால், உங்களுக்குக் கிடைப்பது மரியாதையே அன்று. அது வெறும் பயம். இளையவர்களே, காலைத் தொட்டு வணங்குங்கள், மருத்துவமனைக்குக் கூட்டிப் போங்கள். தவறென்று பட்டால் முகத்துக்கு நேரே சொல்லுங்கள். 70 வயதிலும் ஒருவர் கற்றுக்கொள்ள முடியும் என்று நம்புகிறவர்களே அவரை உண்மையில் மதிக்கிறவர்கள்.